பின்பனிக் காலத்து உப்பு
கடலோரப் பருவங்கள் – 7

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகும் கோடை வெயில் முழுதாக ஏறுவதற்கு முன்பும் வரும் மாசி, பங்குனி ஆகிய இரண்டு மாதங்களைத் தமிழ் மரபு பின்பனிக் காலம் என்று வகுத்திருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையோ ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் குளிர்காலம் என்றும் மார்ச் முதல் மே வரையுள்ள மூன்று மாதங்களைக் கோடைக்காலம் என்றும் கணக்கிடுவதால், அதன் அட்டவணையில் இதே நாட்கள் இரண்டு பருவங்களாகப் பிரிந்துவிடுகின்றன. மரக்காணம் கடற்கரையில் இந்தப் பிரிவு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. விடியலில் எதிர்வரப்பு தெரியாத பனியும், காலை ஒன்பது, பத்து மணிக்கு உதட்டை வறட்டும் நிலக்காற்றும், நண்பகலுக்குப் பின் ஈரம் சுமந்த கடற்காற்றும் ஒரே நாளில் வந்துபோகும் காலம் அது. சில ஆண்டுகளில் இவற்றோடு எவரும் எதிர்பாராத மழையும் சேர்ந்துகொள்கிறது. சென்ற இதழில் பேசப்பட்ட ஐப்பசி, கார்த்திகை மழை எவ்வளவு கடுமையானதாயினும், அது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கென அளங்களில் வேலை நிறுத்தப்படுகிறது, படகுகள் கரையேற்றப்படுகின்றன, ஆட்சியர் அலுவலகத்தில் கட்டுப்பாட்டு அறை திறக்கப்படுகிறது. பின்பனிக் காலத்து வானிலைக்கு இத்தகைய முன்னேற்பாடு எதுவும் கிடையாது. ஆனால் மரக்காணத்தில் உப்பு விளையத் தொடங்குவது இந்த நாட்களில்தான். ஆண்டின் முதல் வாருதல் எப்போது, அது எத்தனை முறை தடைபடும் என்பதையெல்லாம் இவ்விரு மாதங்களின் போக்கே பெருமளவு முடிவு செய்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மரக்காணம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மூவாயிரம் ஏக்கருக்கும் கூடுதலாகப் பரந்துள்ள இதன் உப்பளங்கள், தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக எண்ணப்படும் உப்பளப் பகுதிகளுள் ஒன்றாகும். சங்க நூலான சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுக்குரியதாகக் கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்; உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணர்களின் உலகம் இந்தக் கரைக்கு அயலானதன்று. ஆந்திரத்திலிருந்து கடற்கரையை ஒட்டியே தெற்கு நோக்கி வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இங்கேதான்.

இப்பகுதியின் வானிலையைப் புரிந்துகொள்ள, கடல், கழுவெளி, சமவெளி என்னும் மூன்று பரப்புகளை ஒன்றாகவே பார்க்க வேண்டும். கழுவெளி என்பது மரக்காணம், வானூர் வட்டங்களில் விரிந்து கிடக்கும் ஆழம் குறைந்த உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் சமவெளி ஏரிகளின் உபரி நீர் அதில் வந்து சேர, எடையன்திட்டு முகத்துவாரத்தின் வழியாகக் கடலின் ஓதநீரும் உட்புகுவதால், நன்னீரும் கடல்நீரும் அங்கே கலந்தே நிற்கின்றன. 5,151 ஹெக்டேருக்கும் மேற்பட்ட இந்த நீர்ப்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024 ஆகஸ்டில் அது இடம்பெற்றது. இதற்கு மேற்கே திண்டிவனம் நோக்கிச் செல்லும் நிலம் மேடு பள்ளம் அதிகமில்லாத சமவெளி. நவரை நெல்லும், இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையும், தர்பூசணியும், சவுக்கும் அங்கே பயிராகின்றன. பகலில் விரைவாகச் சூடேறி இரவில் விரைவாகக் குளிரும் சமவெளி, சூட்டையும் குளிரையும் மெல்ல ஏற்கும் கடல், இரண்டுக்கும் நடுவே தன் ஈரத்தைச் சிறிது சிறிதாகக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் கழுவெளி ஆகிய மூன்றும் சில கிலோமீட்டர் இடைவெளிக்குள் அடுத்தடுத்து அமைந்திருப்பதே, பின்பனிக் காலத்தில் இங்குக் காற்று மணிக்கு மணி தன் இயல்பை மாற்றிக்கொள்வதற்கு அடிப்படைக் காரணம்.

வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை என்பது பழைய வகைப்பாடு. மரக்காணம் கரையில் மார்கழி, தை மாதங்களில் வாடையும் கொண்டலும் கலந்த வடகிழக்குக் காற்று மேலோங்குகிறது. சித்திரையில் தெற்கு, தென்கிழக்குக் காற்று நிலைபெறுகிறது. ஆனி, ஆடியில் மேலைக் காற்று ஆட்சி செய்கிறது. இந்த வரிசையில் மாசியும் பங்குனியும் ஒரு காற்று விலகி மறு காற்று நிலைகொள்ளாத இடைவெளியாக அமைகின்றன. பெருங்காற்று எதுவும் உறுதியாக வீசாதபோது, உள்ளூர்க் காற்றுகளே நாளை நடத்துகின்றன. இரவில் நிலம் குளிர்ந்து, அதன்மேலுள்ள காற்று கனத்து, கடலை நோக்கி மெல்ல நகர்வது நிலக்காற்று. பகலில் நிலம் சூடேறி, அதன்மேலுள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து புறப்பட்டு வருவது கடற்காற்று. பங்குனியில் கடற்காற்று பொதுவாக நண்பகலை ஒட்டிக் கரை தொடுகிறது. அது வந்த சிறிது நேரத்தில் வெப்பம் சில டிகிரி தணிகிறது, ஆனால் காற்றின் ஈரம் ஏறுகிறது. திண்டிவனத்துக்காரர் வெயிலைச் சபிக்கும் அதே பிற்பகலில் கடலோரக் கூனிமேட்டுக்காரர் புழுக்கத்தைச் சபிப்பது இதனால்தான்.

விடியற்காலப் பனிக்கு வேறு கணக்கு உண்டு. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறி நிற்பதே மூடுபனி. இலையின் மேலும் கம்பியின் மேலும் அது நீராகப் படிந்தால் பனித்துளி. இதற்குத் தெளிந்த வானம், அசையாத காற்று, தரையருகே போதிய ஈரம் ஆகிய மூன்றும் வேண்டும். மழைக்காலம் முடிந்து ஏரிகளும் கழுவெளியும் நிறைந்து கிடக்க, வானம் மட்டும் வெளுத்துவிடும் தை, மாசி மாதங்களில் இம்மூன்றும் ஒருங்கே அமைகின்றன. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்னும் பழமொழி, மாசி பிறந்ததும் பனி விலகிவிடும் என்று நம்புவோருக்கு முன்னோர் விட்டுச்சென்ற எச்சரிக்கை.

பனியும் ஈரக்காற்றும் உப்பை எப்படித் தொடுகின்றன என்பதை அறிய, உப்பளத்தின் வேலை முறையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் அளங்களில் தேங்கிய வெள்ளம் வடிக்கப்படுகிறது. அது கொண்டுவந்த வண்டல் அகற்றப்பட்டு, கரைந்துபோன வரப்புகள் புதிதாகக் கட்டப்படுகின்றன. பாத்தியின் தரையை நீர்விட்டு நனைத்து, ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று காலால் மிதித்து, நீர் கீழே கசியாத அளவுக்கு இறுகச் செய்கிறார்கள். வாரக்கணக்கில் நடக்கும் இந்த மிதிப்பு வேலைக்குப் பின்பே உவர்நீர் பாய்ச்சப்படுகிறது. கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் எல்லாம் சேர்ந்து எடையில் ஏறத்தாழ 3.5 சதவீதமே, பத்துப் பங்கு கடல்நீரில் ஒன்பது பங்கு ஆவியாகிப் போன பிறகுதான் சமையலுப்பு படியத் தொடங்குகிறது. நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே டிகிரி என்னும் அளவில் கடல்நீர் 3 முதல் 3.5 வரை நிற்கும். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காயவிடும்போது, முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிந்து விலக, 25 டிகிரியைத் தாண்டியதும் உப்பு பூக்கிறது. ஏறத்தாழ 29 டிகிரியில், உப்பை வாரியபின் மிஞ்சும் நீரை வெளியேற்றிவிட வேண்டும். மக்னீசிய உப்புகள் செறிந்த அந்தக் கசப்பு நீர் பாத்தியில் தங்கினால் உப்பு கசக்கும், எளிதில் ஈரமும் பிடிக்கும்.

இங்கே ஒரு செய்தி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. வெயில் அடித்தால் உப்பு விளையும் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், உவர்நீர் ஆவியாவதை வெயில் மட்டும் தீர்மானிப்பதில்லை. காற்று ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு ஏற்கெனவே அதில் இருக்கிறது என்பதைச் சதவீதமாகச் சொல்வது ஒப்பு ஈரப்பதம். நன்னீர், ஈரப்பதம் 100 சதவீதத்தை எட்டும் வரை ஆவியாகிக்கொண்டே இருக்கும். உப்பு முற்றிய நீருக்கோ, அதுவும் காற்றும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், எல்லை 75 சதவீதம்தான். அதற்கு மேல் காற்று ஈரமாக இருந்தால் பாத்தி காற்றுக்கு நீரைக் கொடுப்பதை நிறுத்தி, காற்றிலிருந்து நீரை வாங்கத் தொடங்கிவிடும். பின்பனிக் காலத்து இரவிலும் விடியலிலும் இக்கரையில் ஈரப்பதம் இந்த எல்லையைத் தாண்டி நிற்பது வழக்கம். ஆகவே முந்தைய நாள் மாலை பூத்த மெல்லிய உப்புப் படலம் மறுநாள் விடியலில் தேய்ந்திருப்பதும், பனி விலகி நீர் சூடேறும் வரை பாத்தியில் வேலை முன்னேறாமல் நிற்பதும் நிகழ்கின்றன. வரப்பில் வாரிவைத்த உப்பு இன்னும் மோசமாக ஈரத்தை வாங்கும். அதில் ஒட்டியுள்ள மக்னீசியக் குளோரைடு, ஈரப்பதம் 33 சதவீதத்தைக் கடந்தாலே காற்றின் நீரை உறிஞ்சும் இயல்புடையது.

இதிலிருந்து, அளத்துக்கு நல்ல நாள் என்பது வெப்பம் மிகுந்த நாள் அன்று, உலர்ந்த காற்று நீண்ட நேரம் நின்ற நாளே என்பது விளங்கும். காலையில் நிலக்காற்று விரைவில் எழுந்து, நண்பகல் கடந்தும் கடற்காற்று வரத் தாமதித்தால், 32 டிகிரி வெப்பத்திலும் பாத்தியின் நீர் நன்றாக இறங்கும். மாறாக, முற்பகலிலேயே கொண்டல் புகுந்து மேகமும் கூடிவிட்டால், 35 டிகிரி வெப்பமும் அவ்வளவாகப் பயன் தராது. தொலைக்காட்சிச் செய்தியில் நாள்தோறும் அறிவிக்கப்படும் அதிகபட்ச வெப்பநிலை, சென்னைவாசிக்குப் பயனுள்ள ஓர் எண்ணாக இருக்கலாம். மரக்காணத்துப் பாத்திக்கு அது பாதிச் செய்தி மட்டுமே.

மழை வந்தால் இழப்பு எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 40,000 லிட்டர் நன்னீர். நூறு கிராம் நீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைக்கும். உப்பு படியும் பாத்திகள் மட்டும் ஓர் ஏக்கர் என்று கொண்டால், அந்த ஒரு சென்டிமீட்டர் மழையால் 14 டன்னுக்கும் மேற்பட்ட உப்பைக் கரைத்துவிட முடியும். நகரத்தில் குடை பிடிக்கக்கூடத் தோன்றாத ஒரு மாலைத் தூறல், அளத்தில் பல நாள் உழைப்பை அழித்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

எனினும் மழை விழுந்த அடுத்த சில நிமிடங்களில் செய்யத்தக்கது ஒன்று உண்டு; உப்புத் தொழில் அறிந்தோரின் நுட்பம் இதில்தான் வெளிப்படுகிறது. முற்றிய உவர்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கனமுடையது. ஆதலால் விழுந்த மழைநீர் உடனே கலந்துவிடாமல், உவர்நீரின் மேல் ஒரு தனி அடுக்காக மிதக்கிறது. காற்று அடங்கியிருந்தால், வரப்பின் மேல்விளிம்பை மட்டும் சிறிது வெட்டிவிட்டு அந்த மேலடுக்கை வழியச் செய்யலாம். கீழே படிந்த உப்பும் அதைக் காக்கும் உவர்நீரும் பெரும்பாலும் தப்பிவிடும். காற்று வீசினாலோ அலை எழும்பி இரண்டு நீரும் கலந்து, மழைநீர் உப்பைத் தொட்டுவிடும். மற்ற நாட்களில் நீரை விரைந்து உலர்த்தும் காற்று, மழை பெய்த நாளில் இவ்வாறு பகையாக மாறுகிறது. மழை வரும் என்று ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால் பாத்தியில் உவர்நீரின் உயரத்தைக் கூட்டி வைக்கலாம், வாரிய உப்பைக் குவித்துக் கீற்றாலோ தார்ப்பாயாலோ மூடலாம், முற்றிய நீரை ஆழமான குழிகளுக்குத் திருப்பிச் சேமிக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், கூலி வேண்டும். வெறும் அச்சத்தினால் வாரம் இருமுறை இவற்றைச் செய்துகொண்டிருக்க எந்தச் சிறு குத்தகைதாரராலும் இயலாது.

பின்பனிக் காலத்தில் மழை இயல்பானதன்று என்பதாலேயே அதன் அடி கனமாக விழுகிறது. தமிழ்நாட்டின் சராசரியில் ஜனவரி, பிப்ரவரி இரு மாதங்களும் சேர்ந்து பெறும் மழை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் மட்டுமே. மார்ச் முதல் மே வரை பெறுவது 125 மில்லிமீட்டரை ஒட்டியது, அதிலும் பெரும்பகுதி ஏப்ரல், மே மாதங்களுக்குரியது. ஆனால் சராசரி என்பது பல வறண்ட ஆண்டுகளும் சில பெருமழை ஆண்டுகளும் கலந்த எண். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மூன்றாம் வாரத்தின் இறுதியில் புதுச்சேரியிலும் சுற்றுப்புறத்திலும் ஒரே இரவில் கொட்டிய மழை 19 சென்டிமீட்டர் வரை பதிவானது. மாசி மாதத்து அளத்தில் அத்தகைய மழை பாத்தியின் உப்பைக் கரைப்பதோடு நிற்காமல், வரப்புகளை உடைத்து, மிதித்து இறுக்கிய தரையையும் குழப்பி, ஜனவரியில் தொடங்கிய வேலையை மீண்டும் முதலிலிருந்து செய்யவைக்கிறது. அடுத்த ஆண்டே, 2022 மார்ச் முதல் வாரத்தில், தென்மேற்கு வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாகித் தமிழகக் கரையை நோக்கி நகர்ந்தது. வங்கக் கடலில் மார்ச் மாதத்தில் இத்தகைய மண்டலம் தோன்றுவது மிக அரிது. அது கரையை நெருங்குகையில் வலுவிழந்தது நற்பேறு. ஆயினும் பங்குனி பிறக்கும் முன் புயல் எச்சரிக்கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை வந்ததே என்பதை அளத்துக்காரர்கள் மறந்திருக்க வழியில்லை.

தாழ்வு மண்டலம் போன்ற பெரிய அமைப்பு இல்லாமலும் மழை வரும். வானிலை அறிக்கைகளில் அடிக்கடி வரும் கீழடுக்குச் சுழற்சி என்பது, தரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் உயரத்துக்குள் காற்று ஒரு மையத்தைச் சுற்றி வளைந்து வீசும் நிலை. அத்தகைய சுழற்சி குமரிக்கடல் பக்கம் அமைந்தால், கிழக்கிலிருந்து ஈரக்காற்று இழுக்கப்பட்டுக் கடலோர மாவட்டங்களில் மேகம் கூடும். இரு வேறு திசைக் காற்றுகள் உள்மாவட்டங்களின் மேல் ஒரு கோட்டில் சந்திக்கும்போது, அந்தக் கோட்டின் வழியே காற்று மேலெழுந்து இடிமழை பிறக்கும். பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் பெய்யும் கோடை மழை பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. இந்த இடிமேகங்கள் பிற்பகலில் மேற்கே, மலைப்பக்கத்தில் திரண்டு, காற்றின் போக்கு இடம் கொடுத்தால் மாலையில் கிழக்கே நகர்கின்றன. பல நாட்களில் கடற்கரையை எட்டும் முன்பே அவை கரைந்துவிடுகின்றன. எட்டினால், மழைக்கு முன் புழுதி கலந்த பலத்த காற்று ஒன்று பாத்தியைக் கலக்கிவிட்டுப் போகிறது.

மேற்கே உள்ள சமவெளி விவசாயிக்கு இந்த மாற்றங்கள் வேறு வகையில் பொருள்படுகின்றன. மரக்காணம், திண்டிவனம் வட்டாரத்தில் மார்கழி, தை மாதங்களில் விதைக்கப்படும் தர்பூசணி பங்குனியில் அறுவடைக்கு வருகிறது. அதன் பூ ஒரே ஒரு நாள் வாழ்வது. கதிரவன் எழும்போது விரிந்து பிற்பகலில் வாடிவிடும் அந்தப் பூவைத் தேனீ முற்பகலுக்குள் பலமுறை தொட்டால்தான் காய் சீராகப் பிடிக்கும். மூடுபனி எட்டு மணி வரை விலகாத நாளில் தேனீ கூட்டைவிட்டுத் தாமதமாகக் கிளம்புகிறது. பூவுக்கோ மறுநாள் கிடையாது. இலையில் நெடுநேரம் நீர் நின்றால் அடிச்சாம்பல் நோய் பரவுகிறது. பழம் முதிரும் தறுவாயில் மழை பெய்தால், வேர் திடீரென்று உறிஞ்சும் நீரால் பழம் வெடிக்கிறது, இனிப்பும் குறைகிறது. தோட்டத்துக்கே வந்து விலை பேசிவிட்டுப் போன வியாபாரி மறுநாள் வேறு விலை சொல்கிறார். மாம்பூவுக்கும் பனி ஆகாது. ஆனால் தர்பூசணியைக் கெடுக்கும் அதே மழை, கிணற்று நீரை நம்பி நவரை நட்டவருக்கு ஒரு பாய்ச்சலை மிச்சப்படுத்துகிறது. மானாவாரி எள்ளுக்கும் உளுந்துக்கும் உயிர் தருகிறது. ஒரே ஊரில் ஒரு தெருவினர் வேண்டும் மழையை அடுத்த தெருவினர் அஞ்சுகின்றனர் என்பதை மனத்தில் கொண்டால்தான், வானிலை அறிவிப்பு ஒரே வாசகமாக எல்லோருக்கும் போதாது என்பது தெரியவரும்.

கழுவெளி இந்தக் காலத்தில் நாள்தோறும் சுருங்குகிறது. விளிம்பில் தண்ணீர் வற்ற வற்றச் சேறு வெளிப்பட, கரையோர உள்ளான்களும் கூழைக்கடாக்களும் நாரைகளும் அங்கே இரை தேடுகின்றன. வடக்கிலிருந்து வந்த வாத்து வகைகள் பங்குனியில் திரும்பத் தொடங்குகின்றன. ஆழம் குறைந்த உப்பளப் பாத்திகளையும் இப்பறவைகள் பயன்படுத்துவது இங்குப் பொதுக்காட்சி. மீனவர்களுக்கு இது கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் காலம்; ஏப்ரல் 15இல் தொடங்கி 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை வரும் என்பதால், அதற்குமுன் கிடைக்கும் நாட்களின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

அரசின் உதவி முறை இந்தப் பருவத்தின் இயல்போடு பொருந்தவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022 முதல் நடைமுறைப்படுத்தியது. பல தலைமுறையாக மழைக்காலப் பட்டினியைத் தம் தலைவிதியாகக் கருதி வந்தவர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய ஆறுதல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அங்கு ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, மரக்காணத்து அளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அந்த இழப்பு எல்லோர் கண்ணிலும் பட்டது, அமைச்சர்களும் அதிகாரிகளும் வந்தனர். மாசியில் பெய்யும் ஆறு சென்டிமீட்டர் மழைக்கு அத்தகைய பார்வையாளர் எவரும் வருவதில்லை. டிசம்பரில் அளம் மூழ்கினால் அழிவது வரப்பும் தரையும். பிப்ரவரியில் மூழ்கினால் அவற்றோடு மிதிப்புக் கூலியும், பாய்ச்சிய நீரும், பூத்த உப்பும் சேர்ந்தே அழிகின்றன. நாட்கூலி பெறும் பெண்ணுக்கு அது, பாத்தி மீண்டும் காயும் வரை வருமானமில்லாத இரண்டு, மூன்று வாரங்கள். நிவாரணத்தை மாதத்தின் பெயரை வைத்து வழங்காமல், வேலை நின்ற நாட்களை வைத்து வழங்குவதே நியாயமான முறையாகும்.

முன்னறிவிப்பில் செய்யக்கூடியது இதைவிட எளிது; தேவையான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. மரக்காணம் சென்னை, காரைக்கால் ஆகிய இரு டாப்ளர் ரேடார்களின் பார்வை எல்லைக்குள் அமைந்த ஊர். திரண்டுவரும் மழைமேகத்தைப் பொழிவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே அவை காட்டுகின்றன, மூன்று மணி நேரத்துக்கான குறுங்கால எச்சரிக்கையும் மாவட்டவாரியாக வெளியிடப்படுகிறது. வானிலை ஆய்வுத் துறையும் வேளாண் பல்கலைக்கழகங்களும் இணைந்து செவ்வாய், வெள்ளி ஆகிய நாட்களில் உழவர்களுக்கு வழங்கும் வேளாண் வானிலை அறிக்கையில், வரும் ஐந்து நாட்களுக்கான மழை, வெப்பநிலை, காற்றின் திசை, வேகம், மேகமூட்டம் ஆகியவற்றோடு காலை, மாலை ஈரப்பதமும் தரப்படுகிறது. உப்பளத்துக்குத் தேவையான எண்கள் யாவும் அந்த அறிக்கையிலேயே உள்ளன. ஆனால் அதன் பரிந்துரைப் பகுதி நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் கால்நடைக்கும் எழுதப்படுகிறது. உப்பு பயிரும் அன்று, கால்நடையும் அன்று. கடலோர வட்டங்களுக்கு, நாளையும் மறுநாளும் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே எத்தனை மணி நேரம் நிற்கும், கடற்காற்று எப்போது புகும், பாத்தியில் நீர் உயர்த்த வேண்டுமா, உப்பை இன்றே வாரிவிட வேண்டுமா என்று நான்கு வரிகளைச் சேர்ப்பதற்குப் புதிய செயற்கைக்கோள் ஒன்றும் ஏவ வேண்டியதில்லை. அளத்துக்காரர் கையிலுள்ள கைப்பேசிக்கு அந்த நான்கு வரிகளும் தை மாதம் முதலே வரத் தொடங்கினால், மிதிப்புக்கு எப்போது ஆள் அழைப்பது, முதல் நீரை எப்போது பாய்ச்சுவது என்பதையும் அவர்கள் அதைக் கொண்டே முடிவு செய்யலாம்.

சித்திரை பாதி கடந்ததும் தெற்குக் காற்று நிலைபெற்று, அளத்தில் வாருதல் ஒரு முறைக்குள் வருகிறது. கத்திரி வெயில் நாட்களில் உப்பளத் தொழிலாளரின் உடல் எதிர்கொள்ளும் வெப்பமும், அந்த வெப்பத்துக்கேற்ப அவர்கள் மாற்றிக்கொண்ட வேலை நேரமும் அடுத்த இதழில் இடம்பெறும்.

(தொடரும்)